காயலின் மாசைச் சிப்பியிடம் கேட்பது எப்படி

ஒரு காயலில் எவ்வளவு மாசு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, நேரே போய் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? நியாயமான கேள்விதான். போதாது என்பதற்கான காரணம் காயலின் இயல்பிலேயே இருக்கிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வருகிறது, வற்றத்தின்போது வெளியேறுகிறது. எங்கோ மழை பெய்தால் ஆற்று நீரும் சாக்கடை நீரும் சேர்ந்து வந்து இறங்குகின்றன. ஆழம் குறைவு என்பதால், காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அடிச்சேறு கலங்கி மேலே வந்துவிடும். காலையில் எடுத்த தண்ணீருக்கும் மாலையில் எடுத்த தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். ராத்திரியில் யாராவது கழிவுக் குழாயைத் திறந்துவிட்டு விடியும் முன் மூடிவிட்டால், காலையில் பிடித்த பாட்டிலில் அதன் அடையாளமே இருக்காது.

இன்னொரு சிக்கல், அளவு. கடல்வாழ் உயிர்களைப் பாதிக்கும் பல நச்சுகள் தண்ணீரில் இருப்பது லிட்டருக்கு சில நானோகிராம் அளவில்தான். அது எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் சராசரியாக ஒரு மீட்டர் ஆழமும் உள்ள சின்னக் காயலில் 100 கோடி லிட்டர் தண்ணீர் இருக்கும். அதில் ஒரே ஒரு கிராம் நச்சு சமமாகக் கலந்தால், லிட்டருக்கு 1 நானோகிராம் வரும். இந்த மட்டத்தில் அளப்பது செலவு பிடித்த வேலை. பாட்டிலின் மூடி, படகின் பெயின்ட், மாதிரி எடுப்பவரின் கை என எதிலிருந்து வேண்டுமானாலும் அதைவிட அதிகமான அழுக்கு தண்ணீருக்குள் வந்துவிடும்.

சரி, வேறு வழி என்ன? அந்தத் தண்ணீரிலேயே ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கேட்பது. சிப்பிகள் அதற்குத் தோதானவை. கம்பத்திலும் பாறையிலும் நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும் மஸல், ஓட்டையே பாறையோடு சேர்த்து ஒட்டவைத்துக்கொள்ளும் ஆய்ஸ்டர், சேற்றில் புதைந்து கிடக்கும் மட்டி ஆகிய மூன்றும்தான் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. மூன்றும் தண்ணீரை உள்ளே இழுத்து, செவுளால் வடிகட்டி, கிடைக்கும் நுண்ணுயிர்ப் பாசியைத் தின்று, மீதியை வெளியே விடுகின்றன. ஒரு மஸல் மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை வடிகட்டும். பெரிய ஆய்ஸ்டர் நல்ல சூழலில் ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் வடிகட்டிவிடும். பாசியோடு வரும் மாசும், செவுள் வழியாக நேரே ஊடுருவும் கரைந்த உலோகமும் சதையில் தங்குகின்றன. சில பொருட்கள் சுற்றியுள்ள தண்ணீரில் இருப்பதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு செறிவாகச் சேரும், சில உலோகங்கள் லட்சம் மடங்கைக்கூடத் தொடும். தண்ணீரில் அளக்கத் திணறியது, சதையில் சாதாரணமாகவே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாசு இருந்தாலும் சிப்பிகள் வேறு இடத்துக்குப் போய்விடாது என்பது. மீனில் கிடைத்த பாதரசம் எந்த இடத்தில் சேர்ந்தது என்று சொல்வது கடினம், மீன் நீந்தி வந்திருக்கும். சிப்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் சதையில் இருப்பது, அந்த இடத்தின் கடந்த சில வாரங்கள் அல்லது மாதங்களின் சராசரி. ராத்திரியில் திறந்த குழாயும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடும்.

அப்புறம், சேற்றை அள்ளி ஆய்வு செய்தாலும் நீண்ட காலக் கணக்கு கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் சேறு காட்டுவது மொத்த அளவு. காயல் சேற்றில் ஆக்சிஜன் இல்லாத அடுக்குகளில் உருவாகும் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் ஈயம், காட்மியம், துத்தநாகம் போன்ற உலோகங்களை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பூட்டிக் கிடக்கும் உலோகம் எவ்வளவு இருந்தாலும் உயிர்களுக்குள் அவ்வளவாகப் போகாது. கால்வாயைத் தூர்வாரினாலோ புயல் வந்து சேற்றைப் புரட்டினாலோ கதை மாறிவிடும், ஆக்சிஜன் பட்டதும் உலோகம் விடுபடும். உயிருக்குள் போகக்கூடிய பங்கு எவ்வளவு என்பதைச் சேற்றையும் தண்ணீரையும் வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஓர் உயிரின் உடலில் பார்த்தால் நேரடியாகவே தெரியும்.

இந்த யோசனை முறையான திட்டமாவதற்கு முன்பே, சிப்பிகள் தற்செயலாகத் தகவல் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த உலைகள், கொலம்பியா ஆற்று நீரால் குளிரூட்டப்பட்டன. உலை வழியாகப் போன நீர் ஆற்றுக்கே திரும்பியது. ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் வில்லாப்பா விரிகுடாவின் ஆய்ஸ்டர்களில், 1950-60களில் துத்தநாகம்-65 என்ற கதிரியக்க அணு தெளிவாகவே தென்பட்டது. ஆய்ஸ்டருக்குத் துத்தநாகத்தைச் சேர்த்து வைக்கும் பழக்கம் இயற்கையாகவே உண்டு. கதிரியக்கத் துத்தநாகம் எது, சாதாரணத் துத்தநாகம் எது என்று அதற்குத் தெரியாது.

1975ல் ஸ்க்ரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பர்க், உலகக் கடலோரம் முழுக்க மஸல்களை வைத்தே மாசைக் கண்காணிக்கலாம் என்று ஒரு சின்னக் கட்டுரையில் முன்மொழிந்தார். 'மஸல் வாட்ச்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகம் 1986ல் தொடங்கிய அதே பெயருள்ள திட்டம், சுமார் 300 இடங்களில் 100க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்களைத் தேடுகிறது. பிரான்ஸ் 1974லேயே தன் தேசியக் கண்காணிப்பு வலையைத் தொடங்கிவிட்டது. ஆசியாவில் 1990களில் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெப்பக் கடல்களில் பரவலாக இருக்கும் பச்சை மஸலை வைத்து இதே வேலையைப் பல நாடுகளில் செய்தார்கள்.

திட்டங்களின் பட்டியலைவிட, பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் நன்றாகப் புரியும். அது ஒரு வாய் வழியாக மட்டும் அட்லாண்டிக்கோடு இணைந்த, ஆழமில்லாத, கிட்டத்தட்டக் காயல் போன்ற நீர்ப்பரப்பு. ஆய்ஸ்டர் வளர்ப்புக்குப் பேர்போனது. ஆய்ஸ்டர்க் குஞ்சுகளை விற்கும் தொழிலும் அங்கே பெரிது. 1977 முதல் 1981 வரை அந்தக் குஞ்சுகளே கிடைக்கவில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த இளம் பருவம் சில நாட்களில் செத்துப்போனது. வளர்ந்த ஆய்ஸ்டர்களுக்கோ வேறு வியாதி. ஓட்டின் அடுக்குகளுக்கு நடுவே கூழ் நிரம்பிய அறைகள் உருவாகின, ஓடு தடித்து உருண்டு போனது, உள்ளே சதைக்கு இடமில்லை. ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டன் வரை இருந்த உற்பத்தி 1981ல் 3,000 டன்னுக்கு இறங்கியது.

காரணம் படகுப் பெயின்ட். படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க, டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்டைப் பூசினார்கள். சுருக்கமாக டிபிடி. கோடைக்கால உல்லாசப் படகுகள் நூற்றுக்கணக்கில் நின்ற இடத்தில், அது மெல்லக் கரைந்து தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆய்ஸ்டர் ஓடு கோணலாவதற்கு லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். நாய்வில்க் என்ற கடல் நத்தைக்கு இன்னும் குறைவு, சுமார் 1 நானோகிராமிலேயே பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கத் தொடங்கும். மேலே பார்த்த அந்தச் சின்னக் காயலில் ஒரு கிராம் கலந்தால் வரும் அதே அளவு. ரசாயன ஆய்வு இந்த மட்டத்தை எட்டுவதற்குத் திணறிய காலம் அது. பிரான்ஸ் 1982 ஜனவரியில் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடை செய்தது. குஞ்சுகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கின, அடுத்த ஆண்டுகளில் ஓடுகளும் ஒழுங்கான வடிவத்துக்கு வந்தன. எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும் சர்வதேச உடன்படிக்கை 2001ல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆர்காஷோனில் ஆய்ஸ்டர்கள் சொன்னது உலகச் சட்டமாக கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆர்காஷோனில் முதலில் எச்சரித்தது சதையில் சேர்ந்த நச்சின் எண் அல்ல, உயிரின் உடலில் வந்த மாற்றம். இரண்டும் வேறு வேறு சாட்சிகள். தைவானின் தென்மேற்குக் கடலோரத்தில் 1986ல் வளர்ப்பு ஆய்ஸ்டர்கள் பச்சை நிறமாக மாறியபோது இரண்டும் ஒன்றாகவே வந்தன. பழைய உலோகக் கழிவைப் பிரித்தெடுக்கும் தொழிலிலிருந்து எர்ரென் ஆற்றின் வழியாக வந்த செம்பு, நிறமாகவும் எண்ணாகவும் தெரிந்தது. பிரான்சின் ஜிரோந்து முகத்துவார ஆய்ஸ்டர்களில் 1970களின் கடைசியில் வெளிப்பட்ட காட்மியமோ கண்ணுக்குத் தெரியாத ரகம். எண்ணைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் மேல்நோக்கிப் போனால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் ஒரு துத்தநாகத் தொழிற்சாலையின் பழைய கழிவில் போய் நின்றது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், சிப்பி என்பது விலை மலிவான அளவுமானி என்று தோன்றும். அந்த எண்ணத்தில்தான் பல அறிக்கைகள் தடுக்கி விழுகின்றன. சிப்பி ஒரு பிராணி. அது தின்கிறது, கொழுக்கிறது, இளைக்கிறது, முட்டையிடுகிறது, பிடிக்காதபோது வாயை மூடிக்கொள்கிறது. அதன் சதையில் கிடைக்கும் எண்ணில் காயலின் கதையும் அந்தப் பிராணியின் சொந்தக் கதையும் கலந்தே இருக்கும். திறந்த கடலில் இந்தக் கலப்பு ஓரளவு சமாளிக்கக்கூடியது. காயலில் அதுவே பெரிய தலைவலி.

முதலில் வளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரே குட்டையில் வளர்ந்த, ஒரே அளவுள்ள மஸல்களை இரண்டு இடங்களில் தொங்கவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் உலர்ந்த கணக்கில் 1 கிராம் சதை. ஓரிடம் பாசி நிறைந்த காயல், அங்கே மூன்று மாதத்தில் சதை 2 கிராம் ஆகிறது. மற்றது இரை குறைவான வெளிக்கடல், அங்கே இளைத்து 0.8 கிராமுக்கு வந்துவிடுகிறது. இரண்டும் தலா 2 மைக்ரோகிராம் காட்மியத்தை உள்வாங்கியிருந்தால், ஆய்வக முடிவு காயலுக்கு கிராமுக்கு 1 மைக்ரோகிராம், வெளிக்கடலுக்கு 2.5 என்று வரும். காயல் மஸல் அதைப் போல இரு மடங்கு, அதாவது 4 மைக்ரோகிராம் வாங்கியிருந்தாலும் முடிவு 2 என்றுதான் வரும். இரட்டிப்பு மாசு உள்ள இடம் சுத்தமான இடமாகத் தெரிகிறது!

இது கற்பனைக் கணக்குதான், ஆனால் நடக்கும் விஷயம். காயலுக்கே உரிய குரூரமும் இதில் ஒன்று உண்டு. சாக்கடையிலிருந்தும் வயலிலிருந்தும் வரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் பாசியைப் பெருக்கும், பாசி சிப்பியைக் கொழுக்க வைக்கும், கொழுத்த சதை உலோகத்தின் செறிவைக் குறைத்துக் காட்டும். ஒரு மாசு இன்னொரு மாசை மறைத்துவிடுகிறது. பிரான்சின் இஃப்ரெமர் கடல் ஆய்வு நிறுவனம் 1996ல் மத்தியதரைக் கடலோரத்தில் ரின்பியோ என்ற கண்காணிப்பு வலையைத் தொடங்கியபோது இதே சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. அங்கே பல காயல்களிலும் கடற்பகுதிகளிலும் இயற்கையான மஸல் கிடையாது, எனவே ஒரே பண்ணையின் மஸல்களைப் பையில் கட்டிச் சுமார் மூன்று மாதம் தொங்கவிட்டார்கள். எடுத்த பிறகு, ஓட்டின் எடைக்குச் சதை எவ்வளவு என்ற விகிதத்தை வைத்து எல்லா எண்களையும் ஒரே உடல்நிலைக்கு மாற்றி ஒப்பிட்டார்கள். அந்த விகிதத்தைத் தராத அறிக்கையில் இரண்டு இடங்களை ஒப்பிட்டிருந்தால், நான் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிப்பேன்.

அடுத்தது உப்பு. கடல்நீரில் காட்மியத்தின் பெரும்பகுதி குளோரைடோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. நன்னீர் கலந்து உப்பு குறையும்போது கட்டு அவிழ்ந்து தனி அயனியாகிறது, சிப்பிக்குள் போவது அந்த வடிவம்தான். ஆகவே மொத்தக் காட்மியம் ஒரே அளவாக இருந்தாலும், ஆற்று வாய்க்கு அருகே உள்ள சிப்பி கடல் வாய்க்கு அருகே உள்ளதைவிட அதிகம் சேர்க்கும். அதே சமயம் உப்பு சட்டென்று மிகவும் குறைந்தால் சிப்பி தன் ஓட்டை மூடிக்கொண்டு வடிகட்டுவதையே நிறுத்திவிடும். பெருமழையின் முதல் நாட்களில் வரும் அழுக்கை அது பாதிதான் பதிவு செய்திருக்கும். ஒரு காயலுக்குள்ளேயே இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் என்பதால், ஒவ்வொரு மாதிரியோடும் அந்த இடத்தின் உப்பளவும் வெப்பமும் குறித்து வைக்கப்படாவிட்டால் பின்னால் யாராலும் அதை அவிழ்க்க முடியாது.

முட்டையிடுதல் வேறு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சதையின் கணிசமான பங்கு காணாமல் போயிருக்கும். கொழுப்பில் ஒட்டும் பிசிபி, டிடிடி போன்றவற்றில் ஒரு பகுதி முட்டையோடு வெளியே போய்விடும். உலோகமோ மிஞ்சிய சதையில் செறிந்து நிற்கும். அதனால்தான் பெரிய திட்டங்கள் எல்லாம் முட்டையிடும் பருவத்துக்கு முன், ஒவ்வோர் ஆண்டும் ஒரே பருவத்தில் மாதிரி எடுக்கின்றன. காயலில் கோடை வேறு விதத்திலும் ஆபத்து. காற்றில்லாத வெப்ப நாட்களில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிரான்சின் தோ காயலில் 2018 கோடையில் அப்படி நடந்து மஸலும் ஆய்ஸ்டரும் பெருமளவில் செத்தன. கண்காணிப்புக் கூடையிலும் இதே நடந்தால் அந்த ஆண்டுக்கு எண்ணே இருக்காது.

எந்த இனத்தைக் கேட்கிறோம் என்பதும் சாதாரண விஷயமில்லை. மஸல் தன் உடலின் துத்தநாகத்தை ஓரளவு கட்டுப்படுத்தி வைத்திருக்கும், வெளியே ஏறினாலும் உள்ளே அவ்வளவாக ஏறாது. ஆய்ஸ்டர் அப்படியில்லை, துத்தநாகத்தையும் செம்பையும் அள்ளி அள்ளிச் சேர்க்கும். எனவே ஓரிடத்து மஸலில் துத்தநாகம் குறைவு, அடுத்த இடத்து ஆய்ஸ்டரில் அதிகம் என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. வெனிஸ் காயலில் கம்பத்தில் தொங்கும் மஸல் தண்ணீரின் நிலவரத்தைச் சொல்லும், 1983ல் கொண்டுவந்து விடப்பட்டுப் பிறகு எங்கும் பரவிவிட்ட மணிலா மட்டி சேற்றின் நிலவரத்தைச் சொல்லும். போர்ட்டோ மார்கேரா ரசாயனத் தொழிற்பேட்டையின் பழைய பாவங்கள் சேற்றில்தான் படிந்திருக்கின்றன, ஆகவே அங்கே மட்டியைக் கேட்பது பொருத்தம்.

எண்ணெய்க் கசிவிலிருந்தும் புகையிலிருந்தும் வரும் பல வளைய ஹைட்ரோகார்பன்களை மீனின் கல்லீரல் விரைவில் உடைத்துவிடும். சிப்பிக்கு அந்தத் திறன் குறைவு, எனவே அந்த விஷயத்தில் மீனைவிடச் சிப்பி நல்ல சாட்சி. பாதரசத்தில் தலைகீழ். மெத்தில் பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே ஏற ஏறப் பெருகும். பாசி தின்னும் சிப்பியில் குறைவாக இருப்பதைக் காட்டி, அதே நீரின் பெரிய மீன்களைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மைக்ரோபிளாஸ்டிக்குக்கும் இப்போது மஸலைக் கேட்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சிப்பி துகள்களைத் தரம் பிரித்துப் பார்க்கும், வேண்டாததைச் சளியில் உருட்டி வாய்க்குப் போகும் முன்பே துப்பிவிடும், விழுங்கியதிலும் பெரும்பகுதி சீக்கிரம் வெளியேறிவிடும். மிச்சம் இருப்பது தண்ணீரில் இருந்ததன் நேர்மையான மாதிரியாக இருக்காது.

மாதிரி எடுக்கும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால், எங்கெல்லாம் தவறு நுழையலாம் என்று புரியும். ஒரே நீள வரம்புக்குள் வரும் இருபது முப்பது மஸல்களை ஓரிடத்திலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் பெரியதும் சிறியதும் வேறு வேறு வயது, வேறு வேறு சேமிப்பு. ஒட்டியிருக்கும் நூலைப் பிடித்து இழுக்கக் கூடாது, சதை கிழியும், கத்தியால் அறுக்க வேண்டும். பிறகு அதே இடத்தின் தெளிந்த நீரில் ஒரு நாள் வைத்தால் குடலில் உள்ள மண் வெளியேறும். இதைச் செய்யாவிட்டால் சதையில் அளந்த இரும்பும் அலுமினியமும் பாதி குடலில் கிடந்த சேறாகவே இருக்கும். திறந்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லாச் சதையையும் சேர்த்து அரைத்து, உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளக்கிறார்கள். அளக்கும் கருவி சரியா என்று பார்க்க, செறிவு ஏற்கனவே உறுதிசெய்யப்பட்ட மஸல் பொடியை ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்து ஓட்டுவார்கள். அமெரிக்கத் தர நிறுவனம் 2976 என்ற எண்ணில் வெளியிட்டது அப்படி ஒரு பொடிதான். அது சரியான எண்ணைத் தராத நாளில், மற்ற எண்களையும் எழுதிக்கொள்ளக் கூடாது.

உலோகத்தையும் ரசாயனத்தையும் விட்டுவிட்டு நுண்ணுயிருக்கு வந்தால், விதிகளே வேறு. ஐரோப்பிய ஒன்றியம் சிப்பி எடுக்கும் நீர்ப்பகுதிகளை சதையில் உள்ள ஈ. கோலை என்ற மல பாக்டீரியாவின் எண்ணிக்கையை வைத்துத் தரம் பிரிக்கிறது. 100 கிராமில் 230 வரை என்றால் ஏ வகை, நேரடியாக விற்கலாம். 4,600 வரை பி, சுத்த நீரில் வைத்து அலசிய பிறகு விற்கலாம். 46,000 வரை சி, மாதக்கணக்கில் சுத்தமான கடலுக்கு மாற்றி வைக்க வேண்டும், அல்லது வெப்பத்தில் பதப்படுத்த வேண்டும். ஏ, பி வகைகளில் ஒரு சில மாதிரிகள் தாண்டினாலும் பெரும்பாலானவை வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அமெரிக்கா இதே வேலைக்கு சதையைப் பார்ப்பதில்லை, தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 14 மலக் கிருமிகள் என்ற அளவை வைத்துத் தீர்மானிக்கிறது. இரண்டில் எது மேல் என்ற விவாதம் பழையது. மழையோடு வந்து போகும் காயல் அழுக்குக்கு, சதையைப் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி.

ஆனால் அதற்கும் ஓட்டை உண்டு. ஈ. கோலை ஓரிரு நாள் அலசலில் போய்விடும், வாந்திபேதி தரும் நோரோவைரஸ் ஆய்ஸ்டரின் குடல் திசுக்களில் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். ஈ. கோலை கணக்கில் தேறிய ஆய்ஸ்டர் ஆளைப் படுக்க வைக்கலாம். 2023 டிசம்பர் கடைசியில், கனமழையால் கழிவுநீர் வழிந்து, அதே ஆர்காஷோனில் சிப்பி விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது. ஆண்டிலேயே வியாபாரம் உச்சத்தில் இருக்கும் வாரம் அது. சாக்கடையைச் சரியாகப் பராமரிக்காதவர்கள் ஒரு பக்கம், வருமானம் இழப்பவர்கள் இன்னொரு பக்கம். சிப்பிக் கண்காணிப்பில் அடிக்கடி நடக்கும் அநியாயம் இது. சிப்பி வளர்ப்பவர்கள் சிலர் மாதிரி எடுப்பவரைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஆய்வக முடிவு வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும் என்பது நியாயமான குறை. அதற்குப் பதிலாக சிப்பியின் நடத்தையைப் பார்க்கலாம். ஓட்டின் இரு பக்கமும் லேசான உணரிகளை ஒட்டி, எவ்வளவு திறந்திருக்கிறது என்று நொடிக்கு நொடி பதிவு செய்வார்கள். ஆபத்தான ஏதாவது தண்ணீரில் வந்தால் எல்லாம் சேர்ந்து மூடிக்கொள்ளும். வார்சா நகரம் தன் குடிநீர் எடுக்கும் இடத்தில் எட்டு நன்னீர்ச் சிப்பிகளை இப்படிக் காவலுக்கு வைத்திருக்கிறது. காயலில் இதையே செய்தால் பொய் எச்சரிக்கை அதிகம், வற்றம், உப்புக் குறைவு, ஆக்சிஜன் குறைவு எல்லாவற்றுக்கும் அவை மூடும். ஒன்றிரண்டை நம்பாமல் கூட்டமாக வைத்து, அந்த இடத்தின் அன்றாட லயத்தை முதலில் கற்றுக்கொண்டால்தான் பயன். கருவியே வேண்டாத ஒரு சோதனையும் இருக்கிறது. மஸல்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஈரக் காற்றில் வைத்து எத்தனை நாள் தாங்குகின்றன என்று எண்ணுவது. மாசில் அவதிப்பட்டவை முன்னாடியே சாகும். எந்த நச்சு என்று இது சொல்லாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் சொல்லும். ஆனால் செலவில்லாதது.

நீண்ட காலத் தொடரின் அருமை வேறு எதிலும் கிடைக்காது. தடை செய்யப்பட்ட டிடிடியும் டிபிடியும் அமெரிக்கக் கடலோரச் சிப்பிகளில் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்ததைக் காட்டியது இந்தத் தொடர்தான். பொடியின் ஒரு பகுதியைப் பத்திரமாக வைத்திருந்தால், இருபது ஆண்டு கழித்துப் புதிதாகப் பேசப்படும் ஒரு வேதிப்பொருள் பழைய காயலில் எப்போது நுழைந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். தீ தடுப்பு ரசாயனங்கள் விஷயத்தில் அப்படித்தான் செய்தார்கள். நடுவில் யாராவது நிதியை வெட்டினாலோ, வசதிக்காக மஸலை விட்டு ஆய்ஸ்டருக்கு மாறினாலோ தொடர் அறுந்துவிடும்.

இத்தகைய அறிக்கைகளைச் செய்தியாக்கும்போது அடிக்கடி நடக்கும் ஒரு குளறுபடியையும் சொல்ல வேண்டும். கண்காணிப்புத் திட்டங்கள் எண்களை உலர்ந்த எடைக்குத் தருகின்றன, உணவுப் பாதுகாப்பு வரம்புகள் ஈர எடைக்கு. சிப்பிச் சதையில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், ஆகவே உலர் எடை எண் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். ஐரோப்பிய விதியில் சிப்பிக்குக் காட்மியம் வரம்பு ஈர எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், ஈயத்துக்கு 1.5. ஓர் அறிக்கையில் காட்மியம் உலர் எடையில் 4 மில்லிகிராம் என்று இருந்தால், "வரம்பைப் போல நான்கு மடங்கு" என்று தலைப்பு வந்துவிடும். உண்மையில் அது ஈர எடையில் சுமார் 0.8, வரம்புக்குள்தான். தவறு எதிர்த் திசையிலும் நடக்கும். ஈர எடையில் வந்த 1.3ஐ உலர் எடை என்று எடுத்துக்கொண்டு, ஐந்தால் வகுத்து, பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள்.